லீலா சேச்சியின் சோத்தாங்கை

திருவோணத்தன்று மதியம். லீலா சேச்சியின் வீட்டு முன்னறையில் நீள மேசை போட்டு இலை விரித்திருந்தது. காலையில் பெய்த மழையில் நனைந்த சுவரின் வாசனை, பப்படம் பொரித்த எண்ணெயின் வாசனை, பஜார் ரோட்டுக் கிடங்குகளிலிருந்து எந்நேரமும் வந்துகொண்டிருக்கும் சுக்கு வாசனை எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றன.

நடு நாற்காலியில் சேச்சி. அவருடைய இலையில் உப்பேரி, சர்க்கரைவரட்டி, புளியிஞ்சி, ஓலன், அவியல், பச்சடி. சோற்றின் மேல் பருப்பு. பருப்பின் மேல் நெய் உருகி, இலையின் நடு நரம்பு வரை ஓடி நின்றிருந்தது.

சேச்சியின் வலது கை மடியில் கிடந்தது. கசவு முண்டின் சரிகைக் கரைமேல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. வீட்டில் மூத்தவர் சோற்றில் கை வைக்காமல் மற்றவர்கள் எப்படி வைப்பது? மஸ்கட்டிலிருந்து வந்திருந்த மகள் ஸ்மிதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஸ்மிதாவின் மாமியார் மேசைவிரிப்பின் பூவைப் பார்த்தார். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மே, ஸ்பூன் எடுக்கட்டே?” என்றாள் ஸ்மிதா, மெதுவாக.

“ஓணத்துக்கு ஸ்பூனோ?” சேச்சி இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சாம்பார் வாளியைக் கையில் பிடித்தபடி என் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அவர்களை அப்படியே கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு, ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அது தெரியாமல் அடுத்து நடந்தது விளங்காது.

அச்சேறாத ஒரு வரி

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடருக்காக, “என் அம்மா லீலா சேச்சியின் கையாள்” என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தேன். பத்திரிகையிலிருந்து உதவி ஆசிரியர் போன் செய்தார்.

“தம்பி, உங்கம்மா என்ன வேலை பாக்குறாங்க?”

“சமையல் சார். லீலா சேச்சின்னு ஒருத்தங்க மட்டாஞ்சேரியில பார்சல் ஊண் கொடுக்கிறாங்க. அவங்ககூட.”

“அப்ப கையாள்னு எழுதியிருக்கீங்களே? இங்க கையாள்னா தாதாவுக்குத்தான் இருப்பான். அரிவாளோட.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொச்சியில் கையாள் என்றால் கூடமாட நின்று உதவுகிறவர், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். போனது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைப் பழைய வாரப் பத்திரிகைகளிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். அதனால் சில சொற்கள் மலையாளச் சட்டையோடு என் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். எனக்கு வித்தியாசம் தெரியாது. படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

“வலக்கரம்னு மாத்திடலாமா?” என்றார் அவர். “மந்திரியின் வலக்கரம், முதலாளியின் வலக்கரம்னு எழுதுறோமே, அந்த மாதிரி. நம்பிக்கையான ஆளுன்னு அர்த்தம்.”

“அது வேண்டாம் சார். அம்மா நொட்டாங்கைக்காரி.”

அவர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு இடமில்லை என்று சொல்லி அந்த வரியையே எடுத்துவிட்டார். அந்த ஒரு வரிக்குப் பதிலாகத்தான் இன்றைய அத்தியாயம் முழுவதும்.

நம்பிக்கையான ஆளை ஏன் வலது கை என்கிறோம்? ராஜாவுக்கு வலப்பக்கம் நின்றவன், வாள் பிடிக்கிற கை என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். வலம் என்றாலே வலிமை என்றும் ஒரு பொருள் இருக்கிறதாம். இருக்கலாம். உலகத்தில் அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது என்று தெரியும்.

துண்டால் கட்டிய கை

எங்கள் வீட்டுப் பேச்சில் வலது கைக்கு வலது கை என்று பெயரில்லை. சோத்தாங்கை. சோறு தின்கிற கை. இடது கை நொட்டாங்கை.

அம்மாவுக்குப் பிறவியிலேயே எல்லாம் நொட்டாங்கைதான். கத்தி, துடைப்பம், கரண்டி, என் முதுகில் விழுந்த அடி எல்லாமே இடப்பக்கத்திலிருந்துதான் வரும். சின்ன வயதில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவளுடைய அப்பா ஒரு துண்டை எடுத்து அவள் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாராம். மற்ற வேலைக்கு எந்தக் கையை வேண்டுமானாலும் வைத்துக்கொள், சோற்றுக்கு இந்தக் கைதான் என்பாராம்.

அப்படிப் பழகியதுதான். அம்மா எப்போதும் கடைசியில்தான் சாப்பிட உட்காருவாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மெல்ல மெல்லச் சாப்பிடுவாள். ருசித்துச் சாப்பிடுகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ருசியெல்லாம் இல்லை. அவளுடைய வலது கைக்கு வாய்க்குப் போகும் வழி இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

லீலா சேச்சியின் அடுக்களையில் சேர்ந்த அன்றே இந்த விஷயம் தெரிந்துபோயிற்றாம்.

“இடங்கையா?” என்றாராம் சேச்சி.

“ஆமா சேச்சி.”

“அடுக்களையில எந்தக் கையானாலும் கொள்ளாம். விளம்பும்போ மாத்ரம் வலங்கை. ஆளுகள் பறையும், அறியாமல்லோ.”

அங்கே கொள்ளாம் என்றால் பரவாயில்லை, நல்லது; பரிமாறுவதை விளம்புவது என்பார்கள். ஆட்கள் ஏதாவது சொல்வார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியாததல்ல. சம்மதித்தாள்.

இருவரும் ஒரே மேடையில் நின்று வேலை செய்வார்கள். முதல் நாளே முழங்கையும் முழங்கையும் இடித்துக்கொண்டதில் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் கொட்டிப்போனது. அதற்குப் பிறகு அம்மாவின் இடம் சேச்சியின் இடப்பக்கம் என்று ஆயிற்று. சேச்சியின் கை வலப்பக்கம் வீசும், அம்மாவின் கை இடப்பக்கம் வீசும். நடுவில் இடிக்க ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் அப்படித்தான் நின்றார்கள்.

யார் தள்ளியது?

போன கோடையில் ஒரு காலை, சேச்சி பப்படம் பொரித்துக்கொண்டிருந்தார். ஜல்லிக்கரண்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“ஆரா என்னெத் தள்ளியது?” என்று கேட்டார்.

“யாரும் தள்ளல சேச்சி” என்று சொல்லிக்கொண்டே திரும்பிய அம்மா, சேச்சியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததைப் பார்த்தாள். ஒரு கையால் அடுப்பை அணைத்து, மறு கையால் சேச்சியைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்தியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சேச்சிக்கு நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை மட்டும் வரவில்லை.

அடுக்களை பூட்டிக் கிடந்தது. சேச்சி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா தினமும் போவாள். துடைப்பாள், குளிப்பாட்டுவாள், வருவாள். ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. தோரன் பொரியலுக்கு ஒரு முறம் நிறையப் பயற்றங்காயும் பலகையும் கத்தியும் எடுத்துப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து, வேண்டுமென்றே பெரிது பெரிதாக வெட்டினாள்.

சேச்சி திரும்பிப் பார்த்தார். “எந்தா இது? தோரனுக்கோ, மாட்டுக்கோ?”

“பின்னெ நீங்க வெட்டுங்க.”

சேச்சி எழுந்து உட்கார்ந்து, இடது கையால் பயற்றங்காயைக் கொத்தாகப் பலகையில் அழுத்திப் பிடித்தார். பிடித்துவிட்டு, வெட்ட வேண்டிய கையைத் தேடினார். அது வரவில்லை. அம்மா எழுந்து சேச்சியின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

நான் அந்த நேரத்தில்தான் மருந்து கொண்டுபோனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஒருவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் ஒட்டி உட்கார்ந்தால், அந்த இன்னொருவரின் இடது கை எங்கே வரும் என்று பாருங்கள். முதலாமவரின் வலது கை இருக்க வேண்டிய இடத்தில் வரும். சேச்சி பிடித்தார், அம்மாவின் இடது கை வெட்டியது. பொடிப்பொடியாக, ஒரே அளவில். இரண்டு இடது கைகள் சேர்ந்து ஒரு ஆளின் வேலையைச் செய்தன.

அதற்குப் பிறகு அம்மாவின் இடம் வலப்பக்கமாக மாறியது. அடுக்களை திறந்தது. பார்சல் மறுபடி போகத் தொடங்கியது. எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. சப்பாத்திக் குழவியின் ஒரு முனையைச் சேச்சியும் மறு முனையை அம்மாவும் பிடித்துத் தேய்த்தால், சப்பாத்தி கொச்சிக்கு எதிரே கடலோரம் கிடக்கிற வைப்பின் தீவு மாதிரி நீளவாக்கில் போகும்.

“கடல் எடுத்தது போக மிச்சம் இவ்வளவுதான் சேச்சி” என்பாள் அம்மா.

இது யார்?

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தாள். படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வந்தவள், சிரித்த முகம். முதல் நாள் கட்டிலருகே நின்ற அம்மாவைக் காட்டி, “அம்மே, இதாரா?” என்று கேட்டாள்.

“என்றெ வலங்கை” என்றார் சேச்சி.

அந்தப் பெண் உடனே சேச்சியின் வலது கையைத் தூக்கித் தடவிக் கொடுத்தாள். “வலங்கை ஒக்கெ செரியாவும் அம்மே. பேடிக்கண்டா” என்று தைரியம் சொன்னாள்.

“அதல்ல.” சேச்சி தடித்த நாக்கோடு சிரமப்பட்டு, தாடையால் அம்மாவைக் காட்டினார். “அது.”

அவள் அம்மாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “சேச்சிக்கும் இந்தக் கையில் வேதனையா?” என்று அம்மாவையே கேட்டாள்.

சேச்சிக்கு வந்த சிரிப்பில் கட்டில் ஆடியது. நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா தன் கையை விடுவித்துக்கொண்டு சொன்னாள்: “எனக்கு வலங்கையே கிடையாது மோளே. ரெண்டுமே இடங்கைதான்.”

வீட்டுக்கு வந்தும் அம்மாவுக்கு அது ஆறவில்லை. கார்ப்பரேஷன் வேலை முடிந்து வந்து சாயா குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னாள். “பாருங்க, என்னைப் போயி வலங்கைங்கிறாங்க. நொட்டாங்கைக்காரியை.”

“நம்ம பாஷையில சொல்லு. சோத்தாங்கை.” அப்பா ஊதி ஊதிக் குடித்தார். “லீலா சேச்சியோட சோத்தாங்கை ஆயிட்ட. கொள்ளாம்.”

“என் சோத்தாங்கையே சோறு தின்னத் தெரியாம முழிக்குது. இதுல அடுத்தவங்களுக்கா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று இரண்டு முறை தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டு

எல்லா வேலைக்கும் இரண்டு இடது கைகள் போதுமாயிருந்தன. சாப்பிடுவதற்கு மட்டும் இல்லை.

சேச்சிக்கு வலது கை வராது. இடது கையால் சாப்பிட மாட்டார். அந்தக் கை எதற்கான கை என்று நம் ஊர்களில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா ஊட்டப் போனாள். “ஞான் எந்தா, குஞ்ஞோ?” என்று, நான் என்ன குழந்தையா என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்பூனை இடது கையில் பிடித்துப் பார்த்தார். வீடியோவில் ஸ்மிதா பேசிக்கொண்டிருந்தபோது குழம்பு மார்பெல்லாம் வழிந்தது. “அய்யோ அம்மே” என்று ஸ்மிதா அழுதுவிட்டாள். அதோடு ஸ்பூனும் போயிற்று.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அரைக் கிண்ணம் கஞ்சியை உறிஞ்சிக் குடிப்பார், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் சோறு கட்டிக் கொடுக்கிற வீட்டில் சேச்சி வற்றிக்கொண்டே வந்தார். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. சாப்பிடாமல் எந்தப் பயிற்சியும் பலிக்காது, இப்படியே போனால் படுக்கையோடு ஆகிவிடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஸ்மிதாவும் என்ன செய்வாள்? களமசேரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தாள். நர்ஸ் உண்டு, குழாய் வழியாகவாவது உணவு கொடுப்பார்கள். “ஓணத்துக்கு வரும்போ நோக்காம். அம்ம இதுபோலத்தான் இருந்தா, அங்கே சேர்க்கணும் சேச்சி” என்று அம்மாவிடம் போனில் சொன்னாள்.

என் வேலை களமசேரியில். பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும். வெள்ளைச் சுவர், கேட்டுக்கு மேல் காகிதப்பூச் செடி.

“அங்க அடுக்களை இருக்காடா?” என்று அம்மா கேட்டாள்.

“இருக்கும்மா.”

“சேச்சியை உள்ள விடுவாங்களா?”

கேட்டுவிட்டு அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

மறுபடி இலைக்கு

ஆக, திருவோணம். அன்றைய ஓண விருந்தை இரண்டு பேரும்தான் விடியற்காலையிலிருந்து செய்தார்கள். சேச்சி பிடிக்க, அம்மா வெட்ட. சேச்சி உப்பு சொல்ல, அம்மா போட. ஸ்மிதாவின் மாமியார் அடுக்களையை எட்டிப் பார்த்து, அம்மாவின் கையைக் கவனித்துவிட்டு, “விளம்பும்போ இடங்கை கொண்டு விளம்பருது கேட்டோ” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இடது கையால் பரிமாறாதே என்று. குரலில் கோபமில்லை. அம்மா தலையாட்டினாள்.

இப்போது சாம்பார் வாளி அவள் இடது கையில், கரண்டி வலது கையில். சேச்சியின் இலை தொடப்படாமல் இருக்கிறது. ஸ்மிதா ஸ்பூன் எடுக்க எழுந்துவிட்டாள். எடுத்தும் வந்துவிட்டாள். ஸ்பூனின் பளபளப்பைப் பார்த்ததும் சேச்சியின் தோள் தானாகவே சுருங்கியது.

“எனிக்கு விசப்பில்ல. நிங்ஙள் கழிக்கு” என்றார். பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்.

அம்மா வாளியைத் தரையில் வைத்தாள்.

பரிமாறுகிறவர்கள் பந்தி நடக்கும்போது உட்கார மாட்டார்கள். அம்மா உட்கார்ந்தாள். சேச்சிக்கு வலப்பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு இலையை விரித்து, சோற்றைத் தானே போட்டுக்கொண்டாள். பருப்பு ஊற்றினாள். பிறகு வலது கையை எடுத்து மடியில் வைத்தாள், சேச்சியின் கை இருந்த மாதிரியே. இடது கையைச் சோற்றில் வைத்தாள்.

ஸ்மிதாவின் மாமியார், “ஈஸ்வரா” என்றார், மூச்சுக்குள்.

அம்மாவின் காது மடல் சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. பிசைந்தாள். பப்படத்தை நொறுக்கினாள். வாயில் போட்டாள்.

“எந்தா பார்வதீ இது?” என்றார் சேச்சி, அம்மாவைப் பார்த்து.

“பசிக்குது சேச்சி. விடியக்காலத்துலேர்ந்து நிக்கிறேன்.”

“அது இடங்கையல்லே?”

“இல்ல. இதுதான் எனக்குச் சோத்தாங்கை.” அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே சொன்னாள். “சோறு கொண்டுபோற கை எதுவோ அது சோத்தாங்கை. அப்பா துண்டு வச்சுக் கட்டினாரு. இங்க யாரு கட்டப் போறா?”

சோத்தாங்கை என்ற எங்கள் வீட்டுச் சொல் சேச்சிக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. தன் இடது கையை மேசைமேல் எடுத்து வைத்தார். அதைப் பார்த்தார். பக்கத்தில் அம்மாவின் கை இலைக்கும் வாய்க்குமாகப் போய்வந்து கொண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து அம்மா அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. அந்தக் கைக்கு வழி நன்றாகத் தெரிந்திருந்தது.

சேச்சி இரண்டு விரலால் சோற்றைத் தொட்டார். முதல் கவளம் பாதி வழியில் சிந்தியது. இரண்டாவதில் கொஞ்சம் உள்ளே போயிற்று. மென்று, விழுங்கி, “ஓலனில் உப்பு குறவா” என்றார்.

“நீங்க சொன்ன உப்புதான்” என்றாள் அம்மா, வாய் நிறையச் சோற்றோடு.

ஸ்மிதா ஸ்பூனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். வர நேரமாயிற்று. வந்தபோது கண் சிவந்து, கையில் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். அம்மாவின் இலைக்கும் அவள்தான் விளம்பினாள்.

களமசேரி இல்லத்துக்கு அன்று மாலை அவள் போன் செய்து, இப்போது வேண்டாம் என்று சொன்னாள். அதை அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. நான் வாசலில் செருப்பு மாட்டும்போது காதில் விழுந்தது, நான் சொன்னேன். அந்த இல்லத்தின் காகிதப்பூவை இப்போது பஸ்ஸிலிருந்து வெறும் பூவாகப் பார்க்க முடிகிறது.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதுவல்ல, பாயசம்தான். ருசி தெரிந்தவர்கள் பாயசத்தை டம்ளரில் குடிக்க மாட்டார்கள். இலையில் ஊற்றி, பழத்தைப் பிசைந்து, ஓடவிடாமல் கையால் வழித்துச் சாப்பிடுவார்கள். பழகிய கைக்கே கஷ்டமான வேலை. ஸ்மிதா டம்ளர் கொண்டுவந்தாள். சேச்சி இலையைக் காட்டினார்.

சூடான அடைப் பிரதமன் இரண்டு இலைகளிலும் விழுந்தது. அம்மா குனிந்து இடது கையால் வழிக்கத் தொடங்கினாள். சேச்சியும் தொடங்கினார். புறங்கையில் வழிந்தது, மணிக்கட்டில் வழிந்தது. விடவில்லை. பக்கத்து இலை காலியாகிற வேகத்தைப் பார்த்துவிட்டுத் தடித்த நாக்கால் கெஞ்சுகிற மாதிரியும் அதட்டுகிற மாதிரியும் சொன்னார்:

“மெல்ல, பார்வதீ. என்றெ கை இப்போத்தான் பின்னாலெ வருன்னு.”